இருக்கையில் இருப்பவரே உரிமையாளர்

லினக்ஸ் கணினியில் ஒரு பென்டிரைவைச் செருகினால், அதன் சின்னம் திரையில் தோன்ற ஒன்றிரண்டு விநாடிகள் ஆகும். அதற்குள் நான்கைந்து நிரல்கள் தமக்குள் பேசி, செருகியவர் யார், அவரை நம்பலாமா, உள்ளிருப்பதை அவருக்குத் திறந்து காட்டலாமா என்று தீர்மானித்துவிடுகின்றன. முதலில் கெர்னல் புதிய சாதனம் வந்திருப்பதை அறிவிக்கிறது. யூடெவ் அதற்கு ஒரு பெயரிட்டுக் கோப்பமைப்பு இன்னதென்று கண்டறிகிறது. யூடிஸ்க்ஸ் என்ற பின்னணிச் சேவை அதை ஏற்றிவைக்கக் காத்திருக்கிறது. ஏற்றலாமா என்று அது போல்கிட்டிடம் கேட்கிறது. அனுமதி கிடைத்ததும் மேசைத்தளம் சின்னத்தைக் காட்டுகிறது. எந்தப் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்திலும் நாள்தோறும் பலமுறை எடுக்கப்படும் முடிவு இது. ஆனால் இதை எடுத்தவர் என்று எவரையும் சுட்ட முடியாது. நிறுவிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் மொழியியல் துறையில், ஆய்வகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முனைவர் பட்ட மாணவி ஒருவரிடம் இருந்தது. அவருடைய ஆய்வுப் பொருள் ஒலியியல். கணினிப் பராமரிப்புக்கு யாரும் அவரை நியமிக்கவில்லை. பிரிண்டர் ஓடாத ஒருநாளில் அதை ஓடவைத்தார், அவ்வளவே. இந்தியத் துறைகளில் இத்தகைய பொறுப்புகள் பெரும்பாலும் இவ்வழியில்தான் வந்து சேர்கின்றன. ஊதியம் இல்லை, பதவிப்பெயரும் இல்லை. கடவுச்சொல் மட்டும் உண்டு.

ஒருநாள் கணினி மையத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பொதுப் பயன்பாட்டில் உள்ள எல்லாக் கணினிகளிலும் பென்டிரைவ், மெமரி கார்டு, வெளி வன்தட்டு ஆகியவற்றின் பயன்பாட்டை ஒரு வாரத்திற்குள் முடக்க வேண்டும் என்பது உத்தரவு. காரணம் கூறப்படவில்லை. வேறொரு துறையில் நச்சுநிரல் பரவியதாகத் தேநீர்க்கடையில் பேச்சு இருந்தது. செய்து முடித்ததாகக் கையொப்பமிட்டு அனுப்பவேண்டிய படிவமும் உடன் இணைக்கப்பட்டிருந்தது.

அந்த அச்சத்தை வெற்று அச்சம் என்று ஒதுக்க முடியாது. 2008-இன் இறுதியில் தோன்றிய கான்ஃபிக்கர் புழு பரவிய வழிகளுள் ஒன்று, பென்டிரைவைச் செருகியதும் அதிலுள்ள நிரலை விண்டோஸ் தானாக இயக்க முன்வந்த வசதி. 2010-இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் அதனினும் நுட்பமானது. அதற்கு எந்த நிரலையும் இயக்கவேண்டிய தேவை இல்லை. பென்டிரைவின் கோப்புப் பட்டியல் திரையில் விரிந்து, குறுக்குவழிக் கோப்பின் சின்னத்தை விண்டோஸ் வரைய முற்பட்டதே அதற்குப் போதுமானதாக இருந்தது. ஈரானின் அணுசக்தித் திட்டத்தைக் குறிவைத்த அந்தப் புழுவால் மிகுதியாகத் தொற்றுக்குள்ளான நாடுகளின் பட்டியலில், சிமான்டெக் நிறுவனத்தின் கணக்குப்படி, ஈரானுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்து இந்தியா மூன்றாவதாக இருந்தது. இங்கே பென்டிரைவ் எத்தனை கைகள் மாறுகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

லினக்ஸில் இந்தத் தொல்லை இல்லை என்ற பெருமிதம் ஆய்வகங்களில் பரவலாக உண்டு. அதற்கு ஓரளவே அடிப்படை இருக்கிறது. 2011-இன் தொடக்கத்தில் ஷ்மூகான் மாநாட்டில் ஜான் லாரிமர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், திரை பூட்டப்பட்டிருந்த உபுண்டு கணினியைப் பென்டிரைவ் ஒன்றைச் செருகித் திறந்து காட்டினார். சாதனம் தானாக ஏற்றப்பட்டது, கோப்புறை தானாக விரிந்தது, உள்ளிருந்த ஆவணத்திற்குச் சிறுபடம் வரைய கோப்பு மேலாளர் முயன்றது, அந்த வரையும் நிரலில் இருந்த ஓட்டை தாக்குதலுக்கு வாயிலானது. ஸ்டக்ஸ்நெட் போலவே இங்கும் பயனர் எதையும் சொடுக்கவில்லை. பயனருக்கு உதவ எண்ணி இயந்திரம் தானே முன்வந்து செய்த வேலையின் விளைவுதான் இரண்டும்.

ஆகவே உத்தரவை நிறைவேற்ற அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. ஒரு வரிக் கட்டளையால் சேவையை நிறுத்தினார். ஒரு பென்டிரைவைச் செருகி வட்டு மேலாண்மைச் செயலியைத் திறந்தபோது, சேவை மீண்டும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து, கணினி தொடங்கும்போது சேவை தானாக எழாதபடி செயலிழக்கச் செய்தார். மறுதொடக்கத்திற்குப் பின்னும் அது எழுந்து நின்றது.

கணினிப் பராமரிப்பில் புதியவர்களைப் பெரிதும் குழப்பும் இடம் இதுதான். யூடிஸ்க்ஸ் எழுவதற்கு இரு வழிகள் உள்ளன. கணினி தொடங்கும்போது சிஸ்டம்டி அதை எழுப்புவது ஒன்று. டிபஸ் எனப்படும் செய்தித்தடத்தில் வேறொரு நிரல் அதன் பெயரைச் சொல்லி அழைத்தால் உடனே எழுப்பப்படுவது மற்றொன்று. செயலிழக்கச் செய்வது முதல் வழியை மட்டுமே அடைக்கிறது. கோப்பு மேலாளர் ஒருமுறை பெயர் சொல்லி அழைத்தால் போதும், சேவை வந்துவிடும். பின்னணிச் சேவையை எந்நேரமும் வாசலில் நிற்கும் காவலாளியாக எண்ணினால் இது விளங்காது. அழைத்தால் மட்டும் வரும் ஊர் மருத்துவச்சியை எண்ணினால் விளங்கும். வாசலில் காணோம் என்பதால் ஊரில் இல்லை என்று ஆகிவிடாது.

இரு வழிகளையும் ஒருங்கே அடைப்பதற்கு மாஸ்க் செய்தல் என்று பெயர். சேவையின் வரையறைக் கோப்பு இருக்கவேண்டிய இடத்தில், எதுவுமற்ற வெற்றிடத்தைச் சுட்டும் இணைப்பு ஒன்று வைக்கப்படும். அதன்பின் யார் அழைத்தாலும் பதில் வராது. எல்லாக் கணினிகளிலும் அவர் அதைச் செய்து, படிவத்தில் கையொப்பமிட்டு அனுப்பினார். பென்டிரைவைச் செருகினால் இனித் திரையில் எதுவும் தோன்றாது.

அடுத்த சில வாரங்களில் நிகழ்ந்தவற்றுக்காகவே இக்கதை சொல்லத் தக்கதாகிறது.

மூன்றாம் நாளே ஒரு முதுகலை மாணவர் வழியைக் கண்டுபிடித்தார். கைப்பேசியைக் கம்பியால் இணைத்தால் கோப்புகள் வழக்கம்போலத் திறந்தன. ஆண்ட்ராய்டு கைப்பேசி தன்னை ஒரு வட்டாகக் காட்டிக்கொள்வதில்லை. எம்டிபி என்ற வேறொரு நெறிமுறையில் பேசுகிறது. அதைக் கவனிப்பது மேசைத்தளத்தின் இன்னொரு பகுதி, யூடிஸ்க்ஸுக்கு அதில் வேலையே இல்லை. ஆக, சுற்றறிக்கை தடுக்க நினைத்த கோப்புப் பரிமாற்றம் சற்றே மெதுவாக, அதே மேசையில் தொடர்ந்தது. விசைப்பலகை வேடமிட்டு வந்து தானே கட்டளைகளைத் தட்டெழுதும் பென்டிரைவ்களை 2014-இல் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் இருவரும் செய்து காட்டியதிலிருந்து உலகம் அறியும். அத்தகைய சாதனத்தையும் மாஸ்க் தடுக்காது. விசைப்பலகையை யாரும் ஏற்றிவைப்பதில்லை, செருகினால் அது வேலை செய்யத் தொடங்கிவிடும். கதவு அப்படியே இருக்க, கதவைத் திறந்துவிடும் பணியாளரை மட்டும் வேலைநீக்கம் செய்ததற்கு ஒப்பானது அந்த நடவடிக்கை.

நீக்கப்பட்ட பணியாளர் செய்துவந்த வேறு வேலைகளும் நின்றுபோயின. வன்தட்டின் உடல்நிலையைக் கேட்டறிந்து, அது கெடும் தறுவாயில் இருந்தால் எச்சரிக்கை எழ வழிசெய்வதும் யூடிஸ்க்ஸ்தான். தாய்ப்பலகையின் நிலைநிரலைப் புதுப்பிக்கும் கருவி, தனக்குரிய வட்டுப் பிரிவைத் தேட இதையே நாடுகிறது. ‘நீக்கத்தக்க சேமிப்பகத்திற்கான சேவை’ என்று ஒற்றை வரியில் விவரித்தால் இவை கண்ணில் படுவதில்லை. சுற்றறிக்கை எழுதியவர்கள் ஒற்றை வரி விவரிப்பையே படித்திருக்க வேண்டும்.

கைப்பேசி வழி எல்லோருக்கும் உதவவில்லை. மொழியியல் துறையின் தரவு ஒலிவடிவில் இருக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரட்டைத்தடம் என்ற அளவில் அழுத்தமின்றிப் பதிந்தால், ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் ஆகும். பத்து நாள் களப்பணி முடித்துவரும் ஒருவரிடம் நாற்பது, ஐம்பது ஜிகாபைட் இருக்கலாம். அதற்கு விடுதியின் வைஃபையை நம்ப முடியாது. இலவச மேகக் கணக்கில் இடம் இராது. சொந்த மடிக்கணினி உள்ளவர்களுக்குச் சிக்கலில்லை. ஆனால் அது இல்லாதவர்களுக்காகத்தானே பொது ஆய்வகம் இருக்கிறது? உத்தரவின் சுமை யார்மீது இறங்கியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இமயமலை அடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து, சில ஆயிரம் பேர் மட்டுமே பேசும் ஒரு மொழியின் பதிவுகளோடு இளைய ஆய்வாளர் ஒருவர் திரும்பியிருந்தார். மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், 10,000-க்கும் குறைவானோர் பேசும் மொழிகளைப் பதிவுசெய்ய 2013-இல் தனித் திட்டமே தொடங்கியது. அந்த எல்லைக்குள் அடங்கும் எத்தனையோ மொழிகளுள் அதுவும் ஒன்று. ஆய்வகத்தில் கார்டு திறக்காததால், பல்கலைக்கழக வாயிலுக்கு எதிரிலுள்ள ஜெராக்ஸ் கடைக்கு அவர் அதை எடுத்துச்சென்றார். வடக்கே அதைப் போட்டோஸ்டாட் கடை என்பார்கள். நாளெல்லாம் ஊரார் பென்டிரைவ்களை ஏற்று ஆய்வேடுகளும் ஆதார் நகல்களும் அச்சிடும் அந்தக் கடையின் கணினி, வட்டாரத்தின் நச்சுநிரல்கள் அனைத்தும் சந்திக்கும் கூடல்துறை. அங்கிருந்த வெளி வன்தட்டுக்குப் படியெடுக்கும்போதே, கார்டிலிருந்த கோப்புறைகள் ஒவ்வொன்றாக மறைந்து அவற்றின் இடத்தில் குறுக்குவழிச் சின்னங்கள் முளைத்தன. பதறி அவர் கார்டை உருவிவிட்டார்.

பாதுகாப்புக்காகப் பிறப்பிக்கப்பட்ட உத்தரவு, ஒரு மெமரி கார்டைக் கண்காணிப்புள்ள ஆய்வகத்திலிருந்து வெளியேற்றி, எந்தக் கண்காணிப்பும் இல்லாத கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. படிவத்தில் இதைக் குறிப்பதற்கு இடம் இல்லை.

கார்டு பொறுப்பாளரிடம் வந்தது. புழு கோப்புறைகளை அழித்திருக்கவில்லை, ஒளித்துமட்டும் வைத்திருந்தது. ஆகவே ஏறக்குறைய எல்லாமே மீண்டன. கார்டு ஃபேட்32 அமைப்பில் இருந்தது. எழுத்து நடுவே அறுந்தால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் நாட்குறிப்பு அந்த அமைப்பில் கிடையாது. எந்தக் கோப்பு வட்டின் எந்தெந்தப் பகுதிகளில் கிடக்கிறது என்பதற்கு ஓர் அட்டவணை மட்டுமே ஆதாரம். புழு அதில் எழுதிக்கொண்டிருந்தபோது கார்டு உருவப்பட்டது. 52 நிமிடப் பதிவொன்று 31-ஆம் நிமிடத்தில் நின்றுபோயிருந்தது. ஒரு மூதாட்டி, தம் ஊரின் பெயர்க்காரணத்தைச் சொல்லும் கதை அது. அடுத்த ஆண்டு பனி விலகிய பின் அந்த ஆய்வாளர் மீண்டும் சென்று கேட்டபோது, மூதாட்டி அதே கதையை வேறு முடிவோடு சொன்னார். முதல்முறை சொன்ன முடிவு யாரிடமும் இல்லை.

இங்கே யூடிஸ்க்ஸ் தோன்றிய கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கலாம். ‘மவுண்ட்’ என்ற சொல், நாடாச்சுருளையும் வட்டுத்தொகுதியையும் ஒருவர் கையால் தூக்கி இயந்திரத்தில் மாட்டிய காலத்தது. யூனிக்ஸ் மரபில் அந்த உரிமை மூலப்பயனருக்கே உரியது. கணினி நிறுவனத்தின் சொத்து, மாட்டுபவர் அதன் ஊழியர். வீட்டுக் கணினி வந்தபின் இந்த ஏற்பாடு நகைப்புக்குரியதாயிற்று. கேமராவிலிருந்து படம் எடுக்க நிர்வாகியின் கடவுச்சொல் எதற்கு? வன்பொருள் தானாகவே வேலை செய்ய வேண்டும் என்று 2003-இல் ஹேவக் பென்னிங்டன் எழுதிய கட்டுரையை அடியொற்றி ஹால் என்ற இடைநிலை அடுக்கு உருவானது. அதை வளர்த்தெடுத்த டேவிட் சோய்தன் என்பவரே பின்னர், ஹால் பெருத்துச் சிக்கலாகிவிட்ட நிலையில், வட்டுகளுக்கான பகுதியைப் பிரித்துப் புதிதாக எழுதினார். அதுவே யூடிஸ்க்ஸ்.

அதன் நம்பிக்கைக் கொள்கையை ஒரே தொடரில் சொல்லிவிடலாம்: கணினியின் முன் அமர்ந்திருப்பவர், கடவுச்சொல் இன்றியே நீக்கத்தக்க வட்டை ஏற்றலாம். வலைவழி நுழைந்தவர் நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தர வேண்டும். கணினியின் உள்வட்டுகளைத் தொட வேண்டுமென்றால், முன்னால் அமர்ந்திருப்பவரும் கடவுச்சொல் தர வேண்டும். போல்கிட்டின் கோப்புகளில் இது ‘செயலில் உள்ள அமர்வு’ என்ற பெயரில் இருக்கிறது. சிஸ்டம்டி திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றின் தொகுதியை ‘சீட்’ என்றே அழைக்கிறது. இருக்கையில் இருப்பவரை நம்புவது மடிக்கணினிக்கு முற்றிலும் பொருத்தமான கொள்கை, ஏனெனில் மடிக்கணினியின் முன் இருப்பவர் பெரும்பாலும் அதன் சொந்தக்காரர். ஒரே இருக்கையில் காலையில் ஒருவரும் மாலையில் வேறொருவருமாக அமரும் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வகத்தை அந்த இயல்பமைவு எண்ணிப் பார்த்ததில்லை. இங்கே இருக்கையில் இருப்பவர் உரிமையாளர் அல்லர். ஆனாலும் அந்நியரும் அல்லர், அந்தக் கார்டிலுள்ள தரவுக்கு அவர்தான் முழுப்பொறுப்பாளர். பழைய யூனிக்ஸின் ஐயமும் புதிய மேசைத்தளத்தின் தாராளமும் இரண்டுமே இந்த இடைநிலைக்குப் பொருந்தாதவை.

தாராளத்தின் விலை 2025 ஜூனில் தெரியவந்தது. யூடிஸ்க்ஸ் வெளிவட்டுகளை ஏற்றும்போது, அவற்றிலுள்ள நிரல்கள் மூலப்பயனரின் அதிகாரத்தைப் பெற முடியாதபடி ஒரு தடையோடுதான் ஏற்றும். ஆனால் அது பயன்படுத்தும் லிப்பிளாக்டெவ் என்ற நிரலகம், எக்ஸ்எஃப்எஸ் கோப்பமைப்பின் அளவை மாற்றும்போது, அந்தத் தடையை இடாமல் தற்காலிகமாக ஏற்றிவந்ததைக் குவாலிஸ் நிறுவனத்தார் கண்டறிந்தனர். இருக்கையில் இருக்கும் எவரும் அந்தக் கணநேர இடைவெளி வழியே மூலப்பயனர் ஆகிவிடலாம். சூசே லினக்ஸில் இருந்த மற்றொரு பிழையோ, வலைவழி வந்தவரையே இருக்கையில் இருப்பவராகக் காட்டியது. இரண்டும் சேர்ந்தால் அறைக்குள் வராதவரும் கணினிக்கு எசமானர். திருத்தங்கள் உடனே வந்தன, புதுப்பித்தவர்கள் தப்பினர். பொதுக் கணினிகளை மாதக்கணக்கில் புதுப்பிக்காமல் வைத்திருக்கும் துறைகள், பென்டிரைவைத் தடுக்கும் முன் கவனிக்கவேண்டியது இதுதான்.

கார்டு அறுந்த நிகழ்ச்சிக்குப் பின் பொறுப்பாளர் தம் நெறியாளரின் கையொப்பத்தோடு கணினி மையத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். முறையீடாக அல்ல, மாற்றுத் திட்டமாகவே அது எழுதப்பட்டது. விதிவிலக்கு கேட்பவருக்குக் கிடைப்பதைவிட, செய்து காட்டக்கூடிய ஏற்பாட்டோடு வருபவருக்கு அலுவலகத்தில் விரைவில் செவி கிடைக்கும் என்பது அவருடைய கணிப்பு. ஒன்றரை மாதத்தில் ‘சோதனை முறையில்’ என்ற சொற்களோடு அனுமதி வந்தது.

திட்டத்தின்படி சேவையின் மாஸ்க் நீக்கப்பட்டது. தானாக ஏற்றுவதும், தானாகக் கோப்புறையை விரிப்பதும் மேசைத்தள அமைப்பில் அணைக்கப்பட்டு, பயனர் மாற்ற இயலாதபடி பூட்டப்பட்டன. இனிச் செருகியவர் தாமே சொடுக்கினால்தான் வட்டு திறக்கும். 2011-இல் லாரிமர் காட்டிய வழி இத்துடன் பெரிதும் அடைபடுகிறது. அடுத்து யூஎஸ்பிகார்டு என்ற மற்றொரு பின்னணிச் சேவை நிறுவப்பட்டது. இது வட்டுகளை ஏற்றுவதில்லை. சாதனம் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறது என்பதைக் கெர்னல் மட்டத்திலேயே பார்த்து, உள்ளே விடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறது. சேமிப்பகம் என்று மட்டும் சொல்லும் சாதனத்துக்கு அனுமதி உண்டு. சேமிப்பகமும் விசைப்பலகையும் நானே என்று சொல்லும் சாதனம் மறுக்கப்படும். ஏற்கெனவே மேசையில் உள்ள விசைப்பலகையும் சுட்டியும் பட்டியலில் உள்ளன, புதிய விசைப்பலகை எதற்கும் இடமில்லை. நேர்மையாகச் சொன்னால், பொய்யாகத் தன்னை அறிவித்துக்கொள்ளும் சாதனத்தை இதுவும் முழுமையாகத் தடுக்காது. ஆயினும் மாஸ்க் தொடாத இடத்தை இது தொடுகிறது.

களப்பணிக் கார்டுகளுக்கென ஒரு கணினி தனியே ஒதுக்கப்பட்டது. அதில் எந்த வெளிவட்டும் படிக்க மட்டுமே ஏற்றப்படும். யூடிஸ்க்ஸின் 2.9 பதிப்பு முதல், ஏற்றும்போது இடவேண்டிய நிபந்தனைகளை நிர்வாகி ஓர் அமைவுக் கோப்பில் எழுதிவைக்கலாம். பல நிர்வாகிகள் அறியாத, மிகப் பயனுள்ள வசதி இது. கார்டின் ஓரத்தில் சிறிய பூட்டுத்தள்ளி ஒன்று இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். அந்தத் தள்ளி கார்டின் மின்சுற்றோடு இணைந்ததன்று. அது எங்கே நிற்கிறது என்று பார்த்து மதிப்பதும் மதிக்காததும் கார்டு செருகப்படும் கருவியின் விருப்பம். இயக்குதளமே படிக்க மட்டும் ஏற்றும்போது மூலப்பதிவுகளின் கோப்புகளில் எழுத்து விழுவதில்லை, சிறுபடக் குப்பையும் குப்பைத்தொட்டிக் கோப்புறையும் கார்டில் முளைப்பதில்லை. படியெடுத்த ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 சரிபார்ப்புக் கூறு கணக்கிடப்பட்டு மூலத்தோடு ஒப்பிடப்படுகிறது. இரண்டு தனித்தனி வட்டுகளில் படி இருந்து, இரண்டும் ஒத்த பின்னரே கார்டை அழிக்கலாம்.

மற்றக் கணினிகளில் எஞ்சியிருந்தது பழைய புகார் ஒன்று. ஆய்வேட்டு இயலைப் பென்டிரைவில் சேமித்துக்கொண்டு விடுதிக்குப் போய்த் திறந்தால், கோப்பின் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. மாணவர்கள் பென்டிரைவைக் குறைகூறினர், கடைக்காரர் லினக்ஸைக் குறைகூறினார். உண்மையில், படியெடுப்பு முடிந்தது என்று திரை சொல்லும்போது, எழுத்து கணினியின் நினைவகத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். கெர்னலின் இயல்பமைவில், நினைவகத்தில் 30 விநாடிக்கு மேல் பழையதாகிவிட்ட எழுத்துகளை வட்டுக்கு அனுப்பும் பணி 5 விநாடிக்கு ஒருமுறை விழித்தெழுகிறது. இரண்டு மூன்று மெகாபைட் இயல் கோப்பு அந்த அரை நிமிடமும் நினைவகத்திலேயே கிடக்கலாம். வகுப்புக்கு மணியாகிவிட்ட மாணவருக்கு அரை நிமிடம் நீண்ட நேரம்.

ஃபேட்32 பென்டிரைவ்களில் இது அரிதாகவும், 64 ஜிகாபைட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றில் அடிக்கடியும் ஏன் நிகழ்கிறது என்பது அவரைச் சில நாள் அலைக்கழித்தது. விடை யூடிஸ்க்ஸின் இயல்பமைவில் இருந்தது. ஃபேட் அமைப்பை ஏற்றும்போது, கோப்பு மூடப்பட்டதும் எழுத்தை விரைந்து வட்டுக்குத் தள்ளும் நிபந்தனையை அது தானே சேர்த்துவிடுகிறது. எக்ஸ்ஃபேட் அமைப்புக்கு அந்த நிபந்தனை இல்லை. பெரிய கார்டுகளும் பென்டிரைவ்களும் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில் வருகின்றன. விண்டோஸும் இதே சிக்கலைச் சந்தித்து, 2018-இல் வந்த 1809 பதிப்பிலிருந்து வெளிவட்டுகளுக்கு விரைந்து நீக்கும் முறையையே இயல்பாக்கிக்கொண்டது. அவரும் எக்ஸ்ஃபேட் வட்டுகள் நினைவகத்தில் தேங்காமல் நேரே எழுதப்படுமாறு நிபந்தனையை மாற்றினார். வேகம் கண்கூடாகக் குறைந்தது. சிலர் முணுமுணுத்தனர். ஆனால் அதன்பின் அந்த ஆய்வகத்திலிருந்து வெற்று இயலோடு எவரும் விடுதிக்குப் போகவில்லை.

இதையெல்லாம் செய்யாமல் ‘பாதுகாப்பாக நீக்குக’ என்ற பொத்தானை அழுத்துமாறு மாணவர்களுக்குக் கற்பித்தால் போதாதா என்று துறைக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் கேட்டார். கேட்கத் தக்க கேள்விதான். சுவரில் அறிவிப்பும் ஒட்டப்பட்டது. ஆனால் அறிவுறுத்தலின் எல்லையைக் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. 2016-இல் வெளியான அந்த ஆய்வுக்காக, இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் 297 பென்டிரைவ்களை வேண்டுமென்றே தவறவிட்டுப் பார்த்தனர். குறைந்தது 45 விழுக்காட்டு வட்டுகளிலிருந்த கோப்புகளை எடுத்தவர்கள் திறந்துவிட்டனர். உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதே திறந்தவர்களுள் பலர் கூறிய காரணம். நல்லெண்ணமும் அவசரமும் உள்ள மனிதர்களை முன்வைத்துத்தான் இயல்பமைவு வகுக்கப்பட வேண்டும். சுவரொட்டியைப் படித்து நினைவில் வைத்திருப்பவரை முன்வைத்து அல்ல.

துறை அலுவலகத்தின் விண்டோஸ் கணினிகள் இரண்டும் இந்தத் திட்டத்துக்கு வெளியே நின்றன. அவற்றுக்கு சி-டாக் உருவாக்கி 2017-இல் அரசு வெளியிட்ட யூஎஸ்பி பிரதிரோத் என்ற மென்பொருளைக் கணினி மையம் பரிந்துரைத்தது. பதிவுசெய்த பயனரும் பதிவுசெய்த சாதனமும் மட்டுமே அதில் இயங்கும். அலுவலகத்தில் சாதனங்கள் சில, ஆள்களும் நிலையானவர்கள், ஆகவே அங்கே அது பொருந்துகிறது. ஆண்டுதோறும் மாணவர் மாறும் ஆய்வகத்தில் ஒவ்வொரு பென்டிரைவையும் பதிவுசெய்ய ஒரு முழுநேர எழுத்தர் வேண்டும்.

‘சோதனை முறை’ இன்னும் அதே பெயரில் தொடர்கிறது. சுற்றறிக்கை திரும்பப் பெறப்படவில்லை, அறிவிப்புப் பலகையில் வெளுத்துக்கொண்டிருக்கிறது. பொறுப்பாளர் வரும் பருவத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிறார். அடுத்து யார் என்பது முடிவாகவில்லை. அவர் எழுதிவைத்துள்ள நான்கு பக்கக் குறிப்பின் முதல் பக்கத்தில், எந்தெந்த அமைவுக் கோப்புகள் எக்காரணத்தால் மாற்றப்பட்டன, இயக்குதளத்தை மேம்படுத்தும்போது அவற்றுள் எவை அழிந்துபோக வாய்ப்புண்டு என்ற பட்டியல் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், களப்பணியிலிருந்து வருபவர்கள் விடுமுறை நாளில் வந்தாலும் அந்தத் தனிக் கணினியைப் பயன்படுத்த, அறையின் சாவி யாரிடம் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறார்.